உப்புச் சாக்கில் வந்த பம்ப்

மரக்காணத்தில் டீசல் பம்ப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்த ஊரில் ஆகாத ஒரே பொருள் சாக்கு. லாரியிலிருந்து கழற்றிய பம்பை, போன வாரம் உப்பு அள்ளிய சாக்கில் பத்திரமாகச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். தூசி படக்கூடாதாம்! பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே தலைமுடி நுழைய இடம் கிடையாது. உப்பு மட்டும் தாராளமாக நுழையும். அதனால் வாசலில் பெரிய போர்டு மாட்டினேன்: 'உப்புச் சாக்கில் பம்ப் கொண்டு வராதீர்கள்.' அதை நின்று படித்துவிட்டுத்தான் சாக்கோடு உள்ளே வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் அந்த உப்பளக்காரர். சொந்தமாகச் சின்ன அளம், ஒரு கிழட்டு லாரி. லோடோடு மேம்பாலம் ஏறினால், பின்னால் வரும் சைக்கிள்காரர் வழி கேட்டு மணி அடிக்கிறாராம்.

"பிக்கப் ஏத்திக் குடுங்க சார். மழைக்கு முன்னாடி குவிச்ச உப்பு அம்பாரத்தை வாரிடணும். விட்டா எல்லாம் தண்ணியாப் போயிடும்," என்றார்.

நான் சாக்கைத்தான் பார்த்தேன். அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பாவம், நின்றுகொண்டே கேட்டார். பிறகு ஆறு பிளஞ்சரையும் புதிதாகப் போட்டு, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி, ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை திருகித் திருகிச் சரிசெய்தேன். டீசல் அளவையும் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். மேம்பாலம் என்ன, பெருமுக்கல் மலையே ஏறும் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

நாலாம் நாள் பிளஞ்சர் இறுகி, லாரி நடுரோட்டில் நின்றது.

"திரும்பவும் சாக்கா?"

"சாக்கே இல்லீங்க."

நான் நம்பவில்லை. கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தேன். இந்த முறை புது எவர்சில்வர் அண்டாவில் வைத்து, மூடி போட்டு எடுத்துப் போனார். மூன்றாம் நாளே நின்றது.

அண்டாவோடு அவர் மறுபடி வந்தபோது நான் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். வெளியே உப்பளம், அதைத் தாண்டினால் கடல். அந்தக் காற்றுக்காகவே பெஞ்சை அங்கே போட்டிருந்தேன். கழுவிய பிளஞ்சர்கள் காயும் தட்டும் ஜன்னலுக்குக் கீழேதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அந்தத் தட்டை விரலால் தடவி, நாக்கில் வைத்தார். ஆயுசு முழுக்கப் பாத்தி உப்பை நாக்காலேயே தரம் பார்த்தவர்.

"நம்ம உப்புதாங்க. காத்துல வருது," என்றார். "ஜன்னலைச் சாத்திட்டுப் பண்ணிப் பாருங்களேன்."

அதில் துளி கேலி இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலைச் சாத்தி, வியர்வை ஒழுக, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். முடிக்கும்போது தகரக் கூரையில் மழை கொட்டியது. அவர் வாசலில் நின்று அளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி அம்பாரம் அன்றைக்கே கரைந்தது. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சாக்குக்கு நான் அவரை அரை மணி நேரம் நிற்கவைத்திருந்தேன்.

லாரி அதற்கப்புறம் நிற்கவில்லை. வாசல் போர்டைக் கழற்றி, அதை வைத்தே அந்த ஜன்னலை மூடி ஆணி அடித்துவிட்டேன். எழுத்து உள்பக்கம் இருக்கிறது. பெஞ்சிலிருந்து நிமிரும்போதெல்லாம் நான்தான் படிக்கிறேன்.