கையில் பிடித்த பிறை

சில வருடங்களுக்கு முன், ரம்ஜான் நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் மாலை. திண்டிவனத்தில் என்னோடு ஒரே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தோழியின் வீடு கோட்டக்குப்பத்தில். அந்த வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். இல்லாவிட்டால் இன்னொரு நோன்பு.

தோழியின் அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. வளைகுடா நாட்டில் இருக்கும் கணவர் ஊருக்கு வந்திருந்தால் இருவரும் சேர்ந்து மாடியேறிப் பிறை பார்ப்பார்களாம். இப்போதெல்லாம் மற்றவர்கள் கை காட்டுவார்கள், அந்த அம்மா தலையாட்டிவிட்டு இறங்கிவிடுவார். "பாத்தேன்னு பொய் சொல்லிக்கினு இறங்கறதுதாம்மா கஷ்டமா இருக்குது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். என்னிடம் தொலைநோக்கி இருக்கிறதே, நான் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என்னுடையது பிரதிபலிப்பு வகை. அடியில் இருக்கும் குழிந்த கண்ணாடி ஒளியைத் திரட்டி, பக்கவாட்டில் உள்ள குட்டிக் குழாய்க்கு அனுப்பும். அதில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைச் செருகி, திருகை உருட்டி முன்பின் நகர்த்தினால் காட்சி தெளியும். வானத்தை அகலமாகக் காட்டும் பருமனான லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். அந்தப் பெருமையில் பழைய சின்ன லென்ஸ்களை எடுத்துப் போகவில்லை. புதியதற்கும் குழாய்க்கும் நடுவே போடவேண்டிய நீட்டிப்பு வளையமும் வீட்டிலேயே தங்கிவிட்டது. மேளத்தை அழைத்துப்போய்த் தாலியை மறந்த கதைதான்.

சூரியன் முழுதாக மறைந்து, தோழியும் அவள் அம்மாவும் நோன்பு திறந்து தொழுதுவிட்டு மேலே வந்தார்கள். பக்கத்து மாடிகளில் பிள்ளைகள் மேற்கே கை நீட்டிக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். தென்னை மட்டைகளுக்குச் சற்று மேலே, நகக் கீறல் போல ஒரு கோடு. தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினேன். தெரிந்தது வெறும் வெள்ளைப் புகை. திருகைக் கடைசிவரை உருட்டியும் புகை கலையவில்லை.

"ஜல்தி பண்ணுடி, எறங்கிக்கினே போவுது" என்றாள் தோழி. அவள் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆத்திரத்தில், கண்ணை எடுக்காமலே, லென்ஸை இறுக்கும் திருகாணியைத் தளர்த்தி அதை வெளியே இழுத்தேன். முக்கால்வாசி வந்திருக்கும், புகை சட்டென்று சுருங்கிப் பளிச்சென்று ஒரு வெள்ளிக் கம்பியானது. வளையம் செய்யவேண்டிய வேலை அவ்வளவுதான், லென்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவது. ஆனால் உள்ளே மிஞ்சியது விளிம்பு மட்டும் என்பதால் திருகாணி அதைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, வந்து பாருங்க" என்றேன். பிறை காட்சியை விட்டு நழுவாதபடி தோழி தொலைநோக்கியை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்தார். லென்ஸில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தார். பிறகு, "ஒடைஞ்ச வளையல் மாதிரி இருக்குதும்மா. அங்கங்க அறுந்து அறுந்து..." என்றார். நிலாவில் இருக்கும் மலைகளின் நிழல் அப்படித் தெரியும் என்றேன். "அங்க மலை இருக்குதா?" என்று கேட்டபோது அவர் குரல் மாறிவிட்டது. நிமிர்ந்து, மேற்கு நோக்கிக் கையேந்தித் துஆ செய்தார்.

"அத்தாவுக்குப் போன் போடு. நானே பாத்துட்டேன்னு சொல்லு" என்றார் மகளிடம். தோழியின் அப்பா இருக்கும் வளைகுடா நாட்டில் முந்தைய நாளே பிறை கண்டு, அன்றைக்கே பெருநாள் கொண்டாடிவிட்டார்களாம். மனைவி பிறை பார்த்த சேதியைக் கேட்டு அவர் அழுததாகத் தோழி பிறகு சொன்னாள்.

நான் இன்னும் லென்ஸைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ எங்கம்மா பாத்த? உடு, நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்று என் விரல்களை விலக்கித் தன் கையை வைத்தார். விலகிப்போயிருந்த பிறையை மறுபடி காட்சிக்குள் கொண்டுவந்து, குனிந்து பார்த்தேன்.

அவர் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தில் பிறையும் நடுங்கியது. மலைகளோடு, நிழல்களோடு, உயிருள்ள ஒன்றாய். கீழே பள்ளிவாசல் ஒலிபெருக்கி பெருநாள் அறிவிக்கத் தொடங்கியிருந்தது.

இப்போது வளையம் எப்போதும் என் பையில் இருக்கிறது. அதைப் போட்டு, ஆடாமல் அசையாமல் நிற்கும் நிலாவை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஆனாலும் நிலா என்றால், அந்த அம்மாவின் கை நடுக்கத்தில் நடுங்கிய பிறைதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.