அழிக்காமல் விட்ட நீல வளையம்

கொடைக்கானல் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறவள் நான். பந்தல் துணியின் பச்சை மணப்பெண் முகத்தில் விழுந்திருக்கும். அதை எடுக்க வேண்டும், அவள் பட்டுச்சேலையின் பச்சை குறையக் கூடாது. பதினாலு வருஷமாக இதுதான் என் வேலை.

வீடு கவுஞ்சி கிராமத்தில். வீட்டுக்காரர் பூண்டும் கேரட்டும் போடுகிறார். போன தை, மாசியில் வானம் தெளிந்த ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, ஒரே ஒரு நெபுலாவைப் படம் பிடித்தேன். நடுவில் இருக்கும் நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயுக் குமிழி அது. இரண்டு பக்கமும் றெக்கை வைத்த தலைக்கவசம் மாதிரி இருக்கும். என் கேமராவுக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும். அதன் முன்னால் மூன்று ஃபில்டர்களை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்று கந்தகத்தின் ஒளியை மட்டும் உள்ளே விடும், ஒன்று ஹைட்ரஜனுடையதை, இன்னொன்று ஆக்சிஜனுடையதை.

படங்கள் சேர்ந்துவிட்டன. உட்கார்ந்து செய்யத்தான் நேரமில்லை. ஆடி பிறந்து கல்யாணங்கள் நின்றதும் முதலாளியிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்கு, செய்யுங்க தங்கச்சி" என்றார் பாய்.

ஒவ்வொரு ஃபில்டரிலும் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூன்று படங்களாக்கினேன். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்துச் சேர்த்தேன். முதலில் வந்தது பாசி பிடித்த தொட்டி. ஹைட்ரஜன் அவ்வளவு பலமாக இருந்தது. நட்சத்திரங்களோ கத்திரிப்பூ நிறத்தில் நின்றன. நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்து வைத்தேன். பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மணப்பெண் முகத்துக்குச் செய்கிற அதே வேலை. மூன்றாம் நாள் பொன்னிறத்துக்கு நடுவே நீலக் குமிழி எழுந்தது.

அப்போதுதான் குமிழிக்கு வெளியே, ஒரு பக்கமாக, மெல்லிய நீல வளையம் ஒன்றைப் பார்த்தேன். இருக்கிறதா இல்லையா என்பது போல இருந்தது.

பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "லென்ஸ்ல ஏதோ அழுக்கு. தொடச்சு விட்ருங்க, படம் சுத்தமாயிரும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மௌஸைக்கூட அதன் மேல் கொண்டுபோய்விட்டேன். ஆனால் அழுத்தவில்லை. கல்யாணப் படத்தில் முகப்பருவை எடுக்கலாம், பிறவி மச்சத்தை எடுக்கக் கூடாது. இது எது?

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. நெபுலா உச்சியைத் தாண்டியதும் டெலஸ்கோப் மறுபக்கம் புரண்டுகொள்ளும். அதற்கப்புறம் எடுத்த படங்கள் தலைகீழாக விழும். அவற்றை நேராகத் திருப்பும்போது, அழுக்கு என்றால் வளையம் எதிர்ப்பக்கம் போய்விடும். வானத்தில் இருப்பது என்றால் அதே நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆக்சிஜன் படங்களைப் புரளுவதற்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே அடுக்கினேன். கம்ப்யூட்டருக்கு அரை நாள் பிடித்தது. ஜன்னலில் மேகம் வந்து ஒட்டுவதும் போவதுமாக இருந்தது.

இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். வளையம் இரண்டிலும் அதே இடத்தில் நின்றது.

"பாய், இது அழுக்கில்ல. வானத்துலயே இருக்கு!"

கடை அதிரக் கத்திவிட்டேன் போல. டீ கிளாஸோடு ஓடி வந்தவர், இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லவேளை, என் பேச்சைக் கேக்கல நீங்க" என்றார்.

பிரிண்ட் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். வீட்டுக்காரர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"நெசமா இந்த நெறத்துலயா இருக்கு?"

"இல்லங்க. கண்ணுக்கு இப்பிடித் தெரியாது. எந்த வாயு எங்க இருக்குங்கிறது வானத்துலருந்து வந்தது. நெறம் நான் குடுத்தது."

"அப்ப எடம் உண்மை. சாயம் உன் கை." படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "நம்ம மாடிலருந்து!" என்றார் பிறகு. அன்று சாயங்காலமே பக்கத்துக் காட்டுக்காரரைக் கூட்டி வந்து காட்டினார். வளையத்தை மறக்காமல் விரலால் தொட்டுச் சொன்னார், தானே கண்டுபிடித்தது போல.

பாய் சும்மா இருக்கவில்லை. கடை வாசலில் மாட்டியிருந்த பெரிய கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு நெபுலாவை மாட்டினார். மறுவாரம் டூரிஸ்ட் ஒருவர் வந்து நின்று, "இன்டர்நெட்ல எடுத்ததா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"இந்தா உக்காந்திருக்காங்களே, அவங்க எடுத்தது. வேணும்னா மூலப் படத்தையும் காட்டச் சொல்லவா?"

காட்டினேன். சாம்பல் நிறத்தில், குறுக்கே ஏதோ சாட்டிலைட் போன கோடு விழுந்த ஒரு படம். அவர் அதையும் வாசல் படத்தையும் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார்.

அவர் போன பிறகு படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். ஆயிரக்கணக்கான ஆல்பங்கள் செய்திருக்கிறேன், ஒன்றிலும் என் பெயர் இல்லை. பேனா எடுத்து, கீழ் ஓரத்தில் என் பெயரை எழுதினேன். கவுஞ்சி என்றும் எழுதினேன். மை காயும் வரை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டினேன்.