பெரிய வெள்ளி, மூன்று மணிக் கச்சேரி

அன்று காலை எங்கள் மகள் எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் தாயையும் தகப்பனையும் உட்கார வைத்து, விரல் மடக்கிச் சொன்னாள்.

"கை தட்டப்படாது. இடையிலயும் இல்லை, முடிவிலயும் இல்லை. பெரிய வெள்ளியில அங்க ஒருத்தரும் தட்டமாட்டினம். ஃபோனை நிப்பாட்டுங்கோ. இருமல் வந்தா வெளியில போங்கோ. அம்மா, எனக்குக் கை காட்டாதேங்கோ."

"நான் ஏன் உனக்குக் கை காட்டுறன்?" என்றாள் என் மனைவி.

"போன முறை காட்டினனீங்கள்."

நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டிய நாள் அது இல்லை. அவளுக்கு அன்று மூன்று மணிக்குத் தீர்ப்பு நாள். ஜேர்மனியில், வுப்பர்டாலில் ஒரு பெரிய புரட்டஸ்தாந்துக் கோயில்; அதன் இசைக்குப் பொறுப்பானவரைக் கன்டோர் என்பார்கள். அவர் நடத்தும், யேசுவின் பாடுகளைப் பாடும் கச்சேரியில் எங்கள் மகளுக்கு முதன்முறையாகத் தனிப்பாட்டு. அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வருடமும் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் பக்கத்து ஊர்க் கன்டோர்களும் கூப்பிடுவார்கள். இசைக் கல்லூரியில் பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் இந்த வாசல் வழியாகத்தான் தொழிலுக்குள் நுழைகிறார்கள். அவர் வேண்டாம் என்றால் அதுவும் அப்படியே ஊர் ஊராகப் போய்ச் சேரும்.

நான் பஸ் ஓட்டுகிறேன், மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மகள் இந்தப் படிப்பை எடுத்தபோது சனம் சும்மா இருக்கவில்லை. "உதைப் படிச்சு என்ன உழைக்கிறது? ஒரு நல்ல Ausbildung செய்து தொழில் பழகலாமே" என்று ஒரு அண்ணை கலியாண வீட்டில் வைத்துக் கேட்டார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். சாப்பிடாமலே எழும்பி வந்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம் இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம்.

இந்த இசையைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் மகள் காரில் வரும்போது சொன்னவை. யேசுவின் பாடுகளுக்கு இசை அமைத்தவர்கள் கச்சேரிக்காக அமைக்கவில்லையாம். அது வழிபாடு. பாதியில் இசையை நிறுத்திப் போதகர் பிரசங்கம் வைப்பார், பிறகு மீதியைப் பாடுவார்கள். பிற்பாடு அது பழசாகி அலுமாரிக்குள் போய்விட்டது. வெகுகாலம் கழித்து நகரத்து மனிதர்கள் பாட்டுச் சங்கம் அமைத்து, அதைத் தூசி தட்டி, மண்டபத்தில் காசுக்கு ரிக்கற் போட்டுப் பாடினார்கள். மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்கும் பழக்கமும் பிறகு வந்ததுதான். பிரபுக்களின் மாளிகைகளில் இசை நடக்கும்போது சீட்டு விளையாடுவார்களாம், சாப்பிடுவார்களாம். வாசிப்பவன் வேலைக்காரர்களோடு வேலைக்காரன். டொக்டரும் வியாபாரியும் வாத்தியாரும் காசு கொடுத்துக் கேட்க வந்த பிறகே வாய் மூடியிருப்பது நல்ல குடும்பத்துக்கு அடையாளம் ஆனது. இப்போது அதே இசை மறுபடியும் கோயிலுக்குள் வந்திருக்கிறது, ரிக்கற்றோடு. வருபவர்களில் பாதிப் பேர் மற்ற நாட்களில் கோயில் பக்கமே வராதவர்கள். அவர்களுடைய அமைதி கடவுளுக்கா, மரியாதைக்கா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

எங்களுக்கு நடுவழி ஓரமாக, நீண்ட மர வாங்கு ஒன்றில் இடம். மனைவி ஓரத்தில், நான் அவளுக்குப் பக்கத்தில். மேடையில் பாடகர் குழுவுக்கு முன்னால் எங்கள் பிள்ளை கறுப்பு உடுப்பில், கையில் கறுப்பு மட்டைப் புத்தகத்தோடு இருந்தாள். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

மனைவி பாட்டு வரிகள் அச்சிட்ட தாளை மடியில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வந்தாள். மன்னாரில் பிறந்தவள். பெரிய வெள்ளியில் பாடுகளின் வாசகத்தைச் சிறு வயதிலிருந்தே நின்று கேட்டவள். கதை அவளுக்கு மனப்பாடம், டொச் மொழியும் நன்றாகத் தெரியும். பிலாத்துவின் இடத்தில் அவள் முகம் கடுத்தது. சிலுவையில் அறைந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

கதையைச் சொல்லும் வாசகரின் பாகத்தைப் பாடுபவர், யேசு தலை சாய்த்து உயிர் விட்டார் என்று மிக மெல்லப் பாடி முடித்தார். கன்டோர் இரண்டு கைகளையும் உயர்த்தியபடியே நிறுத்தினார். இந்த இடத்தில் அவர் ஒரு அமைதி வைத்திருந்தார். அந்தக் கை இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது. கை இறங்கினால் எங்கள் மகள் தொடங்குவாள். முதல் அடி அவளுடைய தனிக்குரல், பிறகுதான் செலோ வாத்தியம் சேரும்.

அந்த அமைதியில் என் மனைவி முழந்தாளிட்டாள்.

நாங்கள் கத்தோலிக்கர்; எங்களில் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரிய வெள்ளி வாசகத்தில் யேசு உயிர் விட்டார் என்றதும் கோயில் முழுக்க முழந்தாளிடும். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. வாசகர் மறுபடி வாசிக்கத் தொடங்கினால்தான் எழும்புவோம். என் முழங்காலும் ஒருமுறை அசைந்தது; நான் பிடித்து வைத்துக்கொண்டேன். அங்கே வாங்குகளுக்கிடையில் இடமும் இல்லை, முழந்தாளிடப் பலகையும் இல்லை. அவள் நடுவழியின் வெறும் கல்லில் இறங்கி, முன் வாங்கின் ஓரத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

வாங்கு கிறீச்சிட்டது. தலைகள் திரும்பின. பின்னால் யாரோ "ஓ" என்றார்கள். வாசலடியில் முதலுதவிக்காரர் இருவர் இருந்தார்கள். அவர்களில் நரைத்த தலைமயிர் அம்மா ஒருவர் சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பொம்பிளை மயங்கி விழுந்ததாகத்தானே தெரியும்? அவருடைய சப்பாத்து கல்லில் கீச் கீச்சென்று எங்களை நோக்கி வந்தது.

"எழும்பப்பா," என்றேன் மனைவியின் காதுக்குள்.

"பொறுங்கோ," என்றாள் கண்ணைத் திறக்காமல். "இன்னும் தொடங்கேல்லை."

கன்டோர் எங்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார், பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. சலசலப்பு அடங்கட்டும் என்று கையை இன்னும் உயர்த்தியபடி காத்திருக்கிறார். இவளோ அடுத்த குரல் வரும்வரை எழும்ப மாட்டாள். சப்பாத்து நெருங்கினால் சலசலப்பு கூடும், அவர் கையும் இறங்காது. அந்த அம்மா வந்து இவள் தோளைப் பிடித்து நாடி பார்த்தால் கச்சேரி அதோடு சரி. நாளைக்கு ஊரெல்லாம், அந்தத் தமிழ்ப் பிள்ளையின் தாய் கச்சேரியைக் குழப்பினாள் என்பார்கள். மனைவியின் கையைப் பிடித்து இழுத்துவிடுவோமா என்றுகூட நினைத்தேன்.

மேடையில் எங்களுக்கு முகம் காட்டி நின்றவர்களில் மகளும் ஒருத்தி. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். தாயைப் பார்த்தாள், சிவப்புப் பையைப் பார்த்தாள், கன்டோரின் கைகளைப் பார்த்தாள். அவளும் எங்களோடு எத்தனை பெரிய வெள்ளிகளில் முழந்தாளிட்டவள். தாய் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அந்தக் கோயிலில் என்னைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கை இறங்கவில்லை. அவள் பாடத் தொடங்கினாள்.

கன்டோரின் தலை வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பியது. செலோக்காரர் பழம் தின்று கொட்டை போட்டவர். தடுமாறாமல் இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டார். என் மனைவி சிலுவை அடையாளம் போட்டு, வாங்கைப் பிடித்து எழும்பி, பாவாடையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். முதலுதவி அம்மா பாதி வழியில் நின்று, தயங்கி, திரும்பிப் போனார். சனத்துக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையின் குரல் நேராகப் போனது, ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

கச்சேரி முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. மணி அடித்தது, எல்லோரும் பேசாமல் வெளியே போனார்கள். பக்கக் கதவருகே காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து மகள் தனியாக வந்தாள். காரில் பின் இருக்கையில் ஏறினாள். தாய் முன்னால் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொன்னவர்?"

"அடுத்த வருஷம் வேற ஆளைப் பாக்கிறாராம்."

"ஏன் பிள்ளை? நல்லாத்தானே பாடினனீ?"

கண்ணாடியில் மகள் என்னைப் பார்த்தாள். கை இறங்குமுன் தொடங்குகிறவளை எந்தக் கன்டோரும் வைத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"தொண்டை கொஞ்சம் அடைச்சுப் போச்சு அம்மா. அவருக்கு அது பிடிக்கேல்லை."

"ராவில ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்," என்றாள் மனைவி. வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் செருப்பைக் கழற்றியதும் அடுப்படிக்குப் போனாள். மல்லியும் இஞ்சியும் வேர்க்கொம்பும் இடித்துப் போட்டு அவித்த தண்ணீரை ஒரு பெரிய கோப்பையில் கொண்டுவந்து மகளின் கையில் கொடுத்தாள்.

"முழுக்கக் குடி. இனிப் பாடப் போறதெண்டால் முதல் நாளே சொல்லு, நான் அவிச்சுத் தாறன்."

"ஓம் அம்மா," என்று சொல்லி, அவள் முழுவதையும் குடித்தாள்.