சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. நாத்தனாரின் கல்யாண சிடியைப் போட்டால், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தவர் அப்படியே உறைந்து நின்றார். நாதஸ்வரம் கடுகு வெடிப்பதுபோல் படபடத்தது. மறுநாள் எழுமலையிலிருந்து சம்பந்தி வீட்டார் அதைப் பார்க்க வருகிறார்கள்.

"மருமக எந்நேரமும் பாட்டைப் போட்டே கெடுத்துட்டா," என்றார் மாமனார்.

"பேசாம வித்துருவோம்," என்றார் கணவர். அதில்தான் நான் டைப்பிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன்.

ரிப்பேர்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "நாளைக்கழிச்சு வாரேன். அதுவரைக்கும் லேடீஸ் யாரும் கை வைக்காதீங்கக்கா."

வைத்தேன். சிடியைத் துடைத்தேன், ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் சிபியுவைத் தொட்டேன். தோசைக்கல்லாகச் சுட்டது. "ஷாக் அடிச்சுச் சாகப் போறியா?" என்று கணவர் கத்தினார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றினேன்.

பூஜையன்று மாமனார் அள்ளிப் பூசிய சந்தனம் காற்றுத் துளைகளை அடைத்துக் காய்ந்திருந்தது. அவர் தூவிய செவ்வந்தி இதழ்கள் உள்ளே விழுந்து ஃபேனைச் சுற்றவிடாமல் சிக்கியிருந்தன. சூட்டில்தான் படமும் பாட்டும் திணறியிருக்கின்றன.

சுத்தம் செய்து ஆன் செய்தேன். மாப்பிள்ளை தாலி கட்டினார். வாடிய இதழ்களை மாமனார் கையில் வைத்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவரிடம் ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன்.

"மொதல்ல இதுக்கு வைங்க மாமா."

வைத்தார். அந்த வீட்டில் என் கருவி ஒன்றுக்குப் பொட்டு வைத்தது அதுதான் முதல்முறை.