கருவாட்டைப் பார்க்காத குட்டி

இன்று காலை டிப்பியின் தட்டில் நேற்று ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது.

டிப்பி, மாமி வளர்க்கும் டெரியர் குட்டி. செருப்பு, துவாய், அகப்பை என்று எதையும் கவ்விக்கொண்டு ஓடும். துரத்தினால் விளையாட்டென்று நினைத்துக் கடிக்கும். கருவாட்டுத் துண்டைக் காட்டினால் மட்டும் உடனே விட்டுவிடும். அது நானே கண்டுபிடித்த வழி.

இன்று அகப்பையைக் கவ்வியது. கருவாட்டை நீட்டினேன். திரும்பியும் பார்க்கவில்லை. வாயிலிருந்து எச்சில் வடிந்தது.

"என்ன புள்ள, உன்ட லஞ்சமும் பலிக்கல்லியா?" என்று மாமி சிரித்தார்.

போன மாதம் வாவிக்கரையில் ஒரு தெருநாய் டிப்பியைக் கடித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அந்த நாய் விசர் பிடித்து, வெறிகொண்டு செத்ததாம். மீன்காரர் நேற்றுத்தான் சொன்னார்.

டிப்பியை அடுப்படிக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் மாமியிடம் சொன்னேன். மாமியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"உன்னக் கடிச்சதா புள்ள? கடிச்சா உடன ஊசி போடோணும்."

"இல்ல மாமி."

முந்தாநாள் என் கையில் கடித்திருந்தது. தெரிந்தால் டிப்பியை யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று, காயத்தில் சுண்ணாம்பு தடவி மறைத்திருந்தேன்.

கதவுக்குப் பின்னால் அகப்பை நொறுங்கும் சத்தம் கேட்டது.

சட்டைக் கையை மேலே இழுத்து, காயத்தை மாமியிடம் காட்டினேன்.