தோளில் தைத்த பூ

தொண்ணூறுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில், துணி வெளுத்துத் தேய்க்கும் ஒரு கொட்டகையில் எனக்கு இஸ்திரி வேலை. எதிர் மேசையில் என் வயதுக்காரி ஒருத்தி. இரண்டு பேரும் தமிழ்க் குடும்பம்தான். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள், நான் மாதா கோயிலுக்கு. அதைச் சொல்லிக் காட்டாமல் எனக்குச் சாயா இறங்காது.

ஒரு சனிக்கிழமை, புதுநன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கப்போகும் சிறுமியின் வெள்ளைக் கவுன் வந்தது. மறுநாள் காலையில் பூசை. எதிர் மேசைக்காரி அதை எடுக்கப் போனபோது தடுத்துவிட்டேன். இது கோயில் துணி, நான் தேய்த்தால்தான் சரி என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை நல்ல துணியில் வைக்கும் முன் ஈரச் சாக்கில் ஒருமுறை இழுத்துச் சூட்டைத் தணிப்போம். வந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. பெருமை பேசிக்கொண்டே அதை மறந்துவிட்டேன். தோள்பட்டையில் நைலான் பொசுங்கி, புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை.

அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கவுனை அவள் மேசையில் போட்டுவிட்டு வந்தேன். பாவி, எனக்குக் கை கூசவே இல்லை.

மலையாளி முதலாளி பார்த்துவிட்டு யார் வேலை என்று கத்தினார். அவள் கவுனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என் கைதான் தப்பிடுச்சு சேட்டா."

அன்றே அவளை மேசையிலிருந்து எடுத்துத் துவைக்கிற கல்லுக்கு அனுப்பிவிட்டார். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற வேலை. நான் அடுத்த துணியை எடுத்துத் தேய்த்தேன். போகும் முன் அவள், கவுனின் உள்மடிப்பில் துளி துணி வெட்டி, பூவாகச் சுருட்டி, ஓட்டையின் மேல் தைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பூசையில் அந்தச் சிறுமி தோளில் பூவோடு வரிசையில் நின்றாள். நம் பாவத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவர் ஆண்டவர் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். அன்று அதைக் கேட்டபின் நன்மை வாங்க எழுந்திருக்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடமும் சிறுமியின் அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா, பூ அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அவளுக்கு மேசை திரும்பக் கிடைத்தது, நான் கல்லுக்குப் போனேன். தெரிந்தே ஏன் ஏற்றுக்கொண்டாய் என்று அவளிடம் கேட்டேன்.

"மறுநாள் நீ கோயிலுக்குப் போவணுமேடி. மொகத்த எங்க கொண்டு வச்சுக்குவ?"

நான் கேட்கும் முன்பே மன்னித்து, என் தண்டனையையும் வாங்கிக்கொண்டு ஒருத்தி தண்ணீரில் நின்றிருக்கிறாள். கிருபை என்ற சொல்லை ஆயிரம் தடவை பாடியிருந்தும் அதைக் கண்ணால் பார்த்தது, கோயில் துணியைத் தொடவிடாமல் நான் தள்ளிவைத்த அவளிடம்தான்; இன்றும் பூசையில் முழங்காலிடும்போது முதலில் என் கண்ணில் நிற்பது அவள் தைத்த அந்தப் பூ.