குடிக்காதவன் பேர்ல ஒரு கேஸ்

கல்யாண மண்டபத்து மேனேஜர் வேலைன்னா ஊரான் வீட்டுப் பந்தியில ஓசிச் சாப்பாடுன்னு நெனச்சிகினு இருக்கீங்களா? ஓசியில வர்றது கேஸு. லைசென்ஸ் இல்லாத இடத்துல எவனோ எவனுக்கோ ஊத்துவான், மாட்டறது சாவி வெச்சிகினு இருக்கிறவன். மண்டபம், மெஸ், லாட்ஜுன்னு திருத்தணிப் பக்கம் ஏதோ ஒண்ணைக் கட்டிகினு அழுவற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

பெரிய செக்‌ஷன்

ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையோட தோஸ்துங்க துணி மாத்தணும்னு மாடி ரூமைக் கேட்டாங்க, குடுத்தேன். கொஞ்ச நேரத்துல போலீஸ் வந்துச்சு. துணி மாத்தினவங்க எல்லாம் பின்பக்கப் படியில எறங்கி, பந்தியில எலை முன்னாடி நல்ல பிள்ளைங்களா உக்காந்துட்டாங்க. ரூம்ல மிச்சம் இருந்தது பாட்டிலுங்க, டம்ளருங்க, கையில தொடப்பத்தோட நான்.

"சார், நான் குடிக்கவே மாட்டேன், வேணும்னா ஊதிக் காட்டறேன்"னு கெஞ்சினேன். எஸ்.ஐ. என் பேரை எழுதிகினே சொன்னாரு: "குடிச்சிருந்தா சின்ன கேஸுய்யா. நீ குடிக்காம, லைசென்ஸும் இல்லாம, இடம் குடுத்திருக்கியே. அதுதான் பெரிய செக்‌ஷன்."

முதலாளியின் பெருந்தன்மை

அன்னியிலேர்ந்து வாய்தா வாய்தாவா கோர்ட்டுக்கு நடந்துகினு இருக்கேன். இன்னொரு கேஸ் சேந்தா மண்டபத்துக்கு சீலு, எனக்கு ஜெயிலுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. அதனால புக் பண்றவங்க கிட்ட 'மது பரிமாற மாட்டோம்'னு எழுதி வாங்க ஆரம்பிச்சேன். 'அனுமதிக்க மாட்டேன்'னு கீழ மேனேஜரும் கையெழுத்துப் போடணும். முதலாளி அந்த பேப்பரைப் பாத்து ரொம்ப நேரம் சிரிச்சாரு. "எதுக்குப்பா வர்ற பார்ட்டிய வெரட்டற? கண்டுக்காம வுடு. கேஸ் வந்தா உன் பேர்லதான வரப்போவுது."

சீர்த்தட்டு

மலையில மொட்டை போட்டுட்டு, காதுகுத்து விருந்துக்கு மண்டபத்துக்கு வந்தது எல்லைக்கு அந்தாண்ட, நகரிப் பக்கத்துக் குடும்பம் ஒண்ணு. கொழந்தையோட தாய்மாமன் மேளத்தோட சீர் எடுத்துகினு வந்தாரு. பழம், தேங்கா, வளையல், பட்டுப்பாவாடை. ஒரு தட்டு மட்டும் செவப்புத் துணி மூடி, நாலு ஆம்பளைங்க காவலோட வந்துச்சு. துணிய நீக்கினா ஆந்திரா சரக்கு. எல்லை தாண்டி எடுத்தாந்ததுக்கு ஒரு கேஸ், லைசென்ஸ் இல்லாம ஊத்தறதுக்கு ஒரு கேஸ், ரெண்டும் மஞ்சள் குங்குமத்தோட.

தட்டைக் காருக்கே திருப்பி அனுப்பினேன். தாய்மாமன் சட்டைப் பையிலேர்ந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாரு. "லைசென்ஸ் இல்லன்னு யாரு சொன்னது நைனா? எங்க ஊரு கடை பில்லு இது. லைசென்ஸ் நம்பரே போட்டுக்கீது, படிச்சிப் பாரு."

மாமன் மேடை ஏறமாட்டாரு

போன மாசம் என் பொண்ணு கல்யாணம், அதே மண்டபத்துல. பேப்பர்ல வாடகைக்கு எடுக்கறவர் எடத்துல ஒரு கையெழுத்து, மேனேஜர் எடத்துல ஒண்ணு, ரெண்டும் நானே போட்டேன். மாடி ரூமைப் பூட்டி, சாவிய அர்ணாக்கயித்துல முடிஞ்சிகினேன். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கறப்ப என் மச்சினன் கூட்டாளிங்களோட வந்து சாவி கேட்டான். ஆர்.கே.பேட்டையில தறி வெச்சிருக்கான். இல்லன்னேன். "அப்ப மாமன் மேடை ஏறமாட்டேன்"னு செருப்பு விடற எடத்துல சேர் போட்டு உக்காந்துட்டான்.

தாய்மாமன் இல்லாம மாலை எடுத்துக் குடுக்கறது யாரு? ஐயர் கூப்புடறாரு, சம்பந்தி மொறைக்கறாரு, பொண்ணு அழுவறா. நெஜமாவே சாவிய அவுக்கக் கை போச்சு. அடுத்த வாரம் வாய்தான்னு ஞாபகம் வந்துச்சு, கைய எடுத்துட்டேன்.

கடைசியில என் பொண்டாட்டி போய் தம்பி முன்னாடி நின்னா. அவன் எழுந்துட்டான். மேடைக்குப் போறப்ப என் காதாண்ட சொன்னான்: "ஊத்தமாட்டேன்னு எழுதினதும் நீங்க, உடமாட்டேன்னு எழுதினதும் நீங்க. ரெண்டு கையெழுத்துக்கும் சேத்து ஒரே தடவ உள்ள போய்ட்டு வந்திருக்கலாம் பாவா."

ஆக, பொண்ணு கழுத்துல தாலி ஏறிச்சு, என் கையில வெலங்கு ஏறல, மச்சினன் இன்னும் என்கிட்ட பேசறதில்ல. மூணுமே நல்ல சேதிதான்னு, என் பொண்டாட்டி காதுல விழாம உங்ககிட்ட மட்டும் சொல்லிக்கறேன்.